மனு ரசீது வரும்வரை

என் அலுவலகத் தோழியைப் பல மாதங்களாகப் பின்தொடர்ந்து மிரட்டியவன், ஒரு காலையில் அவள் வீட்டு வாசலிலேயே அவளைக் கொன்றுவிட்டான். புகார் கொடுக்க ஒருமுறை தனியாகப் போனவள், பயந்து பாதி வழியில் திரும்பியிருக்கிறாள். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது.

அதன்பின் மந்தைவெளியில் நாங்கள் நாலு பெண்கள் சேர்ந்தோம். மிரட்டலுக்கு ஆளான பெண்களோடு காவல் நிலையத்துக்குப் போவோம். மனு ரசீது கைக்கு வரும்வரை எழுந்திருக்க மாட்டோம். எங்களில் ஒருவரான மீன் விற்கும் அக்கா, "பொறுமையா எழுது சார், நாங்க குந்திக்கினு கீறோம்" என்பார்.

போன மாதம் ஒரு கல்லூரிப் பெண்ணோடு போனோம். போலீஸார் அவளை மிரட்டியவனைக் கூப்பிட்டுக் கண்டித்து, இனி தொல்லை தரமாட்டேன் என்று எழுதி வாங்கினார்கள். நேற்று அவள் போன் செய்தாள்.

"அக்கா, இன்னிக்கு காலேஜுக்குத் தனியாப் போனேன். திரும்பித் திரும்பிப் பார்க்கவே இல்ல."

மற்ற மூவரிடமும் சொன்னேன். மீன்கார அக்கா எல்லோருக்கும் டீ சொன்னார். நிம்மதியாகக் குடித்தோம்.