கீழ்ப்பாதிகள்

நேற்று ட்ரங்குப் பெட்டியில் பழைய லென்ஸ் ஒன்றைத் தேடும்போது அந்துருண்டை வாசனை ஏறி, திண்டிவனத்தில் அப்பாவின் ஸ்டூடியோவில் ஆணியில் தொங்கிய கறுப்புக் கோட்டு ஞாபகம் வந்தது. மயிலம் கோயிலில் தாலி கட்டி வரும் மாப்பிள்ளைக்கும் வேலைக்கு மனுப் போடுபவருக்கும் அந்த ஒரே கோட்டுதான். கால்வரை எடுத்த படத்தை அப்பா மார்போடு கத்தரித்துக் கொடுத்துவிடுவார், மிஞ்சிய கீழ்ப்பாதிகளை, வேட்டியும் வெறுங்காலுமாக, நான் பொறுக்கி அடுக்கிக்கொள்வேன்.

அறுபத்திரண்டில் புதுச்சேரி சட்டப்படி முழுதாக இந்தியாவோடு சேர்ந்த சமயம், பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்க விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். வானூரைத் தாண்டி, முன்பு பிரெஞ்சு எல்லைக்குள் இருந்த கிராமத்திலிருந்து அதற்காகப் படமெடுக்க ஓர் அண்ணன் வந்தார். கூட வந்த தம்பி எழுதிக் கொடுக்கவில்லை, இந்தியராகிவிட்டார். கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். உள்ளே கேமராவின் கண்ணாடியில் அண்ணன் தலைகீழாக நின்றார். பிரெஞ்சுக்காரர் எந்த இடத்தில் தொடங்குகிறார் என்று தேடினேன், தெரியவில்லை.

படம் எடுத்து முடிந்து அண்ணன் கோட்டைக் கழற்றியதும் தம்பி அப்பாவிடம், "எனக்கும் அதையே போட்டு ஒண்ணு எடுங்க" என்றார்.

"நீதான் எழுதிக் குடுக்கலியே, உனக்கு எதுக்குடா?" என்றார் அண்ணன்.

"நீ பாட்டுக்குக் கப்பலேறிப் போயிடுவ. அம்மா பாத்துக்கினு இருக்க, படத்துலயாவது ரெண்டு பேரும் ஒரே மாதிரி வேணாமா?"

அண்ணனே தம்பிக்குக் கோட்டை மாட்டிப் பொத்தான் போட்டுவிட்டார்.

ஸ்டூடியோவும் போய், கோட்டும் போய், பெட்டியின் அடியில் நான் குண்டூசி குத்தி வைத்த அந்த இரண்டு கீழ்ப்பாதிகள் மட்டும் கிடந்தன: இரண்டு வேட்டி, நான்கு வெறுங்கால், ஒரே சிமென்ட் தரை. ஐம்பது வருடமாகப் படமெடுக்கிறேன். இதில் எது இந்தியா, எது பிரான்சு என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.