டைபாய்டு வந்த வருஷம்

கரும்பலகையில் நான் எழுதிய வரி வலது பக்கம் போகப் போகக் கீழே இறங்கியது. முன் பெஞ்சிலிருந்த பெண்கள் சிரித்தார்கள். அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். மறுபடியும் இறங்கியது. செப்டம்பர் மாதத்து முதல் திங்கட்கிழமை அது. காலையிலிருந்தே தலைவலி இருந்தது. ஆனால் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவர்கள் தலைவலியை ஒரு நோயாக எண்ணுவதில்லை.

நான் பெங்களூர் கண்டோன்மெண்டில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். பெயர் ரூத். வயது முப்பத்தொன்று. மணமாகவில்லை. அண்ணனோடும் அண்ணி மார்த்தாவோடும் இருக்கிறேன். எனக்கு டைபாய்டு (குடலைப் புண்ணாக்கும் நீண்ட காய்ச்சல்) வந்துபோய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. இந்தக் காய்ச்சலோடு யாராவது படுத்திருக்கும் வீட்டில் இதைப் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். முக்கியமாக, பார்த்துக்கொள்கிறவர்கள் படிக்க வேண்டும்.

காய்ச்சலுக்கு முந்தைய மாதங்களைச் சொல்லாமல் காய்ச்சலைச் சொல்ல முடியாது. என்னோடு அதே பள்ளியில் ஞானம் பூகோளம் கற்பித்தாள். அடுத்த தெருவில் தன் தாயோடு இருந்தாள். முந்தின வருஷம் ஒருநாள் மத்தியான இடைவேளையில் டிபன் பாத்திரத்தை மூடிக்கொண்டே சொன்னாள்: "ரூத்து, காவேரி எங்க பொறக்குது, எங்க விழுதுன்னு பத்து வருஷமா பாடம் எடுக்கறேன். ஒரு நாளாவது கண்ணால பாத்திருக்கேனா? இனிமே லீவு விட்டா வீட்ல உக்காரக் கூடாது."

அப்படியே செய்தோம். தசராவுக்கு மைசூர் போனோம். வழியில் மத்தூர் ஸ்டேஷனில் வடை வாங்கி, ரயில் கிளம்பிய பிறகும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். கிறிஸ்துமஸுக்கு மாரிகுப்பத்தில் ஞானத்தின் மாமா வீடு. அவர் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். அங்கே நான்கு நாள் கல்கலும் அச்சு முறுக்கும் சுட்டோம். சுரங்கத்தின் சங்கு ஊதும்போதெல்லாம் எனக்குத் தூக்கிப்போட்டது. அந்த வீட்டார் சாப்பிடுவதை நிறுத்தக்கூட இல்லை. ஈஸ்டருக்குப் பிறகு நந்தி மலை. மேலே ஒரு கன்னடக் குடும்பம் எங்களை உட்காரவைத்து அவரைக்காய்க் குழம்போடு ராகி முத்தே (கேழ்வரகுக் களி உருண்டை) போட்டது. ஞானம் அதை மென்று தின்றாள். "அய்யோ, மெல்லக் கூடாதும்மா, அப்படியே முழுங்கணும்" என்று அந்த வீட்டு அம்மாள் சிரித்தாள்.

கடைசிப் பயணம் ஆகஸ்ட் மூன்றாம் வாரம், சிவசமுத்திரத்துக்கு. காவேரி விழுவதை ஞானம் பார்த்தாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "நான் வகுப்பில சொன்னது ரொம்பக் கம்மி" என்றாள்.

திரும்பி பஸ்ஸுக்கு நடக்கும் வழியில் ஒரு குடிசைக் கடையில் மோர் விற்றார்கள். எனக்கு நல்ல தாகம். "எனக்கு வேண்டாம்" என்றாள் ஞானம். "ஒரு வாயாவது குடி, கொத்தமல்லி போட்டிருக்காங்க" என்று என் லோட்டாவை அவள் கையில் திணித்தேன். பாதி குடித்தாள்.

பன்னிரண்டு நாள் கழித்து என் வரி கரும்பலகையில் இறங்கியது. மூன்று நாள் கழித்து ஞானமும் படுத்தாள்.

முதல் வாரம் காய்ச்சல் படியேறுவது போல ஏறும். காலையில் சற்று இறங்கும், மாலையில் முந்தின மாலையைவிட ஒரு படி கூடுதலாக ஏறும். நாக்கில் வெள்ளையாகப் படியும். இதைக் கண்டால் சாதாரண ஜுரம் என்று கஷாயத்தோடு காத்திருக்க வேண்டாம். எங்கள் டாக்டர் கன்னடக்காரர். எங்களோடு தமிழில் பேசுவார், நடுநடுவே கன்னடம் வரும். எட்டாம் நாள் விடால் பரிசோதனைக்கு (ரத்தத்தைக் கிருமிகளோடு சேர்த்து, அவை திரள்கின்றனவா என்று பார்ப்பது) ரத்தம் எடுத்து அனுப்பினார். முடிவு வந்ததும் அண்ணனைக் கூடத்துக்குக் கூப்பிட்டார். எனக்கும் கேட்டது.

"நோடி, பாருங்க, இதுக்கு இன்னும் மருந்து கண்டுபிடிக்கல்லே. ஊசி இல்லே. பாத்துக்கறதுதான் மருந்து. குடல் முழுக்கப் புண்ணு. இப்போ அது நனைஞ்ச காகிதம் மாதிரி. கட்டியா ஒண்ணும் உள்ளே போகக் கூடாது. அவங்க அழுதாலும் சரி, கால்ல விழுந்தாலும் சரி."

பார்லித் தண்ணீர், குளுக்கோஸ் தண்ணீர், திரித்த பாலின் தெளிவு, சாத்துக்குடிச் சாறு. அவ்வளவுதான். அண்ணி என்னை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தாள். நாக்கைத் துணியால் துடைத்தாள். துணிகளை லைசால் (கிருமி கொல்லும் மருந்து) கலந்த தண்ணீரில் ஊறவைத்து, பின்கட்டில் தனிப் பானையில் கொதிக்கவைத்தாள். என் நீண்ட கூந்தலைக் கேட்காமலே கத்தரித்தாள்.

இரண்டாம் வாரக் கடைசியும் மூன்றாம் வாரமும் என் கணக்கில் இல்லை. சன்னி (காய்ச்சல் மிகுதியில் வரும் பிதற்றல்) கண்டது. போர்வையின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே இருந்தேனாம். வருகைப் பதிவேட்டுப் பெயர்களை வரிசையாகக் கூப்பிட்டேனாம். இதெல்லாம் பிறகு கேட்டது.

என் நினைவு தெளிவாகத் திரும்புவது இருபத்து மூன்றாம் நாளில். காய்ச்சல் இறங்கத் தொடங்கியிருந்தது. அதன் இடத்தில் பசி வந்து உட்கார்ந்தது. இந்தப் பசியைப் பற்றி யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அது சாதாரணப் பசி அல்ல. பக்கத்து வீட்டில் தாளிக்கும் வாசனைக்குக் கண்ணீர் வந்தது. மத்தூர் வடையை ஒவ்வொரு கடியாக நினைத்துப் பார்த்தேன். நந்தி மலை முத்தேயை நினைத்து வாய் மென்றது.

அன்று மாலை அண்ணி வெளியே போயிருந்தாள். எதிர்வீட்டு அம்மாள் என்னோடு இருந்தார். அண்ணி வெள்ளைப் புடவையோடு உள்ளே வந்தாள். புடவைக் கரையில் செம்மண் ஒட்டியிருந்தது.

"எங்க போனீங்க அண்ணி?"

"சர்ச்சுக்கு."

"எனக்கு ஒரு இட்லி குடுங்க. அரை இட்லி. தண்ணியில கரைச்சாவது குடுங்க."

"டாக்டர் வேணாம்னிருக்கார்."

"டாக்டருக்கு எங்க தெரியப்போகுது? என் உடம்பு எனக்குத் தெரியாதா?"

அவள் பார்லித் தண்ணீரை ஊற்றி நீட்டினாள். நான் டம்ளரைத் தட்டிவிட்டேன். பிறகு சொன்னேன்: "பெத்திருந்தாத்தானே உங்களுக்குப் பசின்னா என்னன்னு தெரியும். கல்லு மனசு. அதான் கடவுள் குடுக்கல."

அண்ணிக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருஷம். குழந்தை இல்லை. அந்த வீட்டில் அதுவரை அந்தப் பேச்சை யாரும் எடுத்ததில்லை.

அவள் குனிந்து தரையைத் துடைத்தாள். டம்ளரைக் கழுவினாள். மறுபடி பார்லித் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து என் தலையைத் தன் கையால் தூக்கி, "குடி" என்றாள். குடித்தேன்.

இருபத்தெட்டாம் நாள் காய்ச்சல் விட்டது. அதற்குப் பிறகும் பத்து நாள் கட்டி ஆகாரம் இல்லை. முப்பத்தொன்பதாம் நாள், குழைய வேகவைத்துப் பிசைந்து வடிகட்டிய சோறு, மூன்று தேக்கரண்டி. அது வாயில் என்ன ருசியாக இருந்தது என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஒன்றுமில்லை. சூடாக இருந்தது, அவ்வளவுதான். பசியில் நான் நினைத்து வைத்திருந்த சோறு அது இல்லை.

உட்காரப் பழகினேன். சுவரைப் பிடித்து நிற்கப் பழகினேன். என் கால்களைப் பார்த்தால் வேறு யாருடையவோ போல இருந்தன. தசரா விடுமுறை நான் படுக்கையிலிருக்கும்போதே முடிந்துவிட்டது.

ஞானத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தேன். "அவளுக்கும் இதே காய்ச்சல்தானே. படுத்திருக்கா" என்றாள் அண்ணி முதலில். பிறகு, "வேலூருக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க, அங்க சொந்தக்காரங்க இருக்காங்க இல்ல" என்றாள். பென்சிலால் நான்கு கடிதம் எழுதினேன். கிறிஸ்துமஸுக்கு மறுபடி மாரிகுப்பம் போகலாமா என்று கேட்டேன். என் தலையில் முடி முள்ளம்பன்றி மாதிரி முளைக்கிறது, உனக்கும் அப்படியா என்று கேட்டேன். அண்ணி வாங்கிக்கொண்டு, "தபால்ல போடறேன்" என்பாள். பதில் வராததற்கு எனக்குக் கோபம்கூட வந்தது.

ஐம்பத்தெட்டாம் நாள் டாக்டர் வந்து என் மார்பில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். இந்தக் காய்ச்சல் இருதயத்தின் தசையையும் தளர்த்திவிடும், அதிர்ச்சி ஆகாது. அவர் குழாயைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு அண்ணனைப் பார்த்து, "ஹேளி. இப்போ சொல்லலாம்" என்றார்.

அண்ணன் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். "ரூத்து, ஞானம் போய்ட்டாம்மா."

"வேலூருக்கா?"

"இல்லம்மா. இறந்துட்டா. உனக்கு இருபத்து மூணாம் நாள். காய்ச்சல் இறங்கிட்டே வந்துதாம். திடீர்னு வயித்துவலி. குடல்ல ஓட்டை விழுந்துடுச்சு."

நான் அழவில்லை. அண்ணியைப் பார்த்தேன். அவள் கதவோரம் நின்றிருந்தாள். செம்மண் ஒட்டிய புடவை நினைவுக்கு வந்தது. ஞானத்தின் குழியில் மண் போட்டுவிட்டு வந்து, அந்தக் கையாலேயே எனக்குப் பார்லித் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். நான் சொன்னதையும் கேட்டிருக்கிறாள்.

"அண்ணி, நான் அன்னிக்குப் பேசினது..."

"பசியில பேசினது" என்றாள். பிறகு, "ஆனா வலிச்சுது ரூத்து. இல்லேன்னு சொல்ல மாட்டேன்" என்றாள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அவள் என் கடிதங்களைக் கொண்டுவந்து கொடுத்தாள். நான்கும் பிரிக்கப்படாமல் இருந்தன.

நடக்க முடிந்த முதல் வாரம் ஞானத்தின் தாயைப் பார்க்கப் போனேன். அடுத்த தெருவுக்குப் போக அரை மணி ஆயிற்று. மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். அவரை நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். என்னைக் கண்டதும் முதலில் என் தலையைத் தடவினார். "அவளுக்கும் இப்படித்தான் கத்தரிச்சேன்" என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். "காய்ச்சல் விட்டமாதிரி இருந்துதும்மா. பசிக்குது பசிக்குதுன்னா. ரெண்டு இட்லிதான் கேட்டா. பால்ல ஊறவெச்சுக் குடுத்தேன். மறுநாள் போய்ட்டா. உங்க அண்ணி கல்லு மாதிரி நின்னா. என்னால முடியல."

இட்லி விஷயம் அண்ணி சொல்லி எனக்கு முன்பே தெரியும். என் டாக்டரிடம் இதைப் பற்றி நான் கேட்டிருந்தேன். அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். "பெரியம்மா, சாப்பாடே குடுக்காம வெச்சிருந்தவங்களுக்கும் ஓட்டை விழுமாம். புண்ணு எவ்ளோ ஆழம்னு யாருக்கும் தெரியாதாம். இட்லியாலதான்னு சொல்ல முடியாதுன்னார்."

"நிஜமாவா?"

"நிஜமா. ஆனா இட்லியால இல்லேன்னும் அவரால சொல்ல முடியல."

பாதி உண்மையைச் சொல்லி அவரைத் தேற்றியிருக்கலாம். என்னால் முடியவில்லை, அதோடு எனக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. சிவசமுத்திரத்து மோரைச் சொன்னேன். வேண்டாம் என்றவள் கையில் லோட்டாவைத் திணித்ததைச் சொன்னேன். அதையும் டாக்டரிடம் கேட்டிருந்தேன். மோராக இருக்கலாம், பஸ் ஸ்டாண்டில் தின்ற வெள்ளரிக்காயாக இருக்கலாம், இரண்டு வீட்டுக்கும் பால் ஊற்றும் ஒரே பால்காரராகவும் இருக்கலாம் என்றிருந்தார்.

பெரியம்மா, "அருவியைப் பாத்தாளா?" என்று கேட்டார்.

"பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா."

"வந்து என்கிட்ட அதைத்தான் சொல்லிட்டே இருந்தா. மோரைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல." எழுந்து அடுப்படிக்குப் போனார். "சாதம் சாப்பிடலாமா உனக்கு இப்போ?"

"சாப்பிடலாம்."

ரசம் ஊற்றிப் பிசைந்த சோற்றை இருவரும் சாப்பிட்டோம். கிளம்பும்போது அந்த நான்கு கடிதங்களையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு சொல். நோயாளி உங்களைத் திட்டுவார். பசி திட்டும். நீங்கள் கொடுக்காமலிருந்தாலும் கொடுத்துவிட்டாலும், பின்னால் உங்களுக்குத் தூக்கம் கெடலாம். தண்ணீரைக் கொதிக்கவையுங்கள், கையைக் கழுவுங்கள், டாக்டர் சொன்னபடி செய்யுங்கள். அதற்கு மேல் உங்கள் கையில் இருப்பது குறைவு.

என் முடி வளர்ந்துவிட்டது, சுருட்டையாக. மாடிப்படி ஏறினால் இருதயம் அடிப்பது காதில் கேட்கிறது. முன்பெல்லாம் எனக்கு வயிறு என்று ஒன்று இருப்பதே பசித்தால்தான் தெரியும். இப்போது தோலுக்குள்ளே மெல்லியதாக ஒன்று சுருண்டு கிடக்கிறது என்ற நினைப்பு எந்நேரமும் இருக்கிறது. குனியும்போதும் திரும்பும்போதும் அதைப் பார்த்து நடந்துகொள்கிறேன்.

செப்டம்பர் கடைசியில் ஞானத்தின் முதல் ஆண்டு நினைவு நாள் வந்தது. பெரியம்மா, அண்ணன், அண்ணி, பள்ளி ஆசிரியைகள் எல்லோரும் கல்லறைக்குப் போய் ஜெபித்தோம். நானும் பாடினேன். ஆனால் கல்லில் செதுக்கிய அந்தத் தேதி எனக்குப் பொருந்தவில்லை. மற்றவர்களுக்கு அவள் இறந்த பிறகு எனக்கு மட்டும் முப்பத்தைந்து நாள் உயிரோடு இருந்தாள். அந்த நாட்களில் அவளுக்குக் கடிதம் எழுதினேன், அவள்மேல் கோபப்பட்டேன், அவளோடு மாரிகுப்பம் போகும் ரயிலில் எந்த ஜன்னலோரம் உட்காருவது என்று யோசித்தேன்.

எனக்கு அவள் இறந்த நாள் போன வாரம் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. பள்ளிக்குப் போனேன். நான்கு வகுப்பு எடுத்தேன். மத்தியானம் பசித்தது, அண்ணி கட்டிக்கொடுத்த சோற்றைத் திறந்து, மெதுவாக, மிச்சமில்லாமல் சாப்பிட்டேன்.