கோடம்பாக்கத்தில் அழுத பன்னிரண்டு பேர்

ஊர் மக்களுக்கு மெட்ராஸைக் காட்டுவதையே வேலையாக வைத்துக்கொண்டவனுக்குத் தன் வீட்டில் நடப்பது எதுவும் கண்ணில் படாது. உத்திரமேரூரில் ஒரு பஸ் முதலாளியிடம் நான் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தேன். சம்பா அறுவடை முடிந்ததும் சுற்றுப்பட்டு ஊர்களில் ஆள் சேர்த்து, ஸ்பெஷல் வண்டியில் மெட்ராஸுக்குக் கூட்டிப்போவேன். மிருகக்காட்சி சாலை, மியூசியம், சினிமா ஸ்டூடியோ வாசல், சமுத்திரம் எல்லாம் காட்டி, தலை எண்ணிக்கை குறையாமல் திரும்பக் கொண்டுவந்து விடவேண்டும். உறவுக்காரர்கள் நாலு பேரை ஒரு நாள் ஊர் சுற்றிக் காட்டியிருக்கிற உங்களுக்கு மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை. அதைப் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

அடுப்படியில்

என் மனைவி கன்னியம்மாவைக் கடைசியாக உயிரோடு பார்த்தது அப்படி ஒரு பயணத்துக்குக் கிளம்பிய காலையில். அடுப்பு முன்னால் குந்தி ஊதிக்கொண்டிருந்தாள். முதல் நாளிலிருந்தே உடம்பு சுட்டது. கஷாயம் குடித்தால் சரியாகிவிடும் என்று அவள் சொன்னாள். அதை நம்புவது எனக்கும் வசதியாக இருந்தது. இரண்டு வயது மகள் ராணி பக்கத்தில் உட்கார்ந்து சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள். வெளியே டிரைவர் காதர் பாய் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் பெயர்ப் பட்டியலைத் தேடினேன், துண்டைத் தேடினேன். அவள் முகத்தைப் பார்த்தேனா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

திரும்பும் வழியில் வண்டி கெட்டு நின்றுபோய், மறுநாள் உச்சிப்பொழுதில்தான் ஊர் வந்து சேர்ந்தோம். எனக்காகத்தான் எடுக்காமல் வைத்திருந்தார்கள். மஞ்சள் பூசிக் கிடந்த முகம் அவள் முகம் மாதிரியே இல்லை.

போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்பது அவள் நம்பிக்கை. அதனால் வீட்டில் அவளுடைய படம் ஒன்றுகூட இல்லை. ராணிக்குத் தாய்முகம் மனதில் நிற்கிற வயசும் இல்லை. ஒரே ஓர் இடத்தில் அந்த முகம் இருக்கும், அதை ராணிக்குக் காட்டிவிடலாம் என்று வருஷக்கணக்கில் நம்பிக்கொண்டிருந்தேன். அது ஒரு சினிமாப் படம். அந்தக் கதைக்கு வருமுன், அன்று காலை அவள் ஊதுகுழலைக் கீழே வைக்காமலே சொன்னதைச் சொல்லிவிடுகிறேன்: “சமுத்திரத்தாண்ட கூட்டினு போனா கரைமேலயே நிறுத்துய்யா, யாரையும் தண்ணில எறங்க வுடாத.”

செத்த காலேஜில் சூடம்

மிருகக்காட்சி சாலைக்கு உயிர் காலேஜ் என்றும் மியூசியத்துக்குச் செத்த காலேஜ் என்றும் எங்கள் பக்கத்தில் பெயர். உயிர் காலேஜில் எனக்குக் கஷ்டமில்லை. புலி கூண்டுக்குள் இருந்தது. செத்த காலேஜில்தான் பேஜார். திமிங்கல எலும்பைப் பார்த்துவிட்டு, வெண்கலச் சிலைகள் இருக்கும் அறைக்கு வந்ததும் செருப்பு போட்டிருந்த அஞ்சாறு பேரும் அதைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

புள்ளலூர் பெரியவர் ஒருவர் மடியிலிருந்து வெற்றிலையை எடுத்துத் தரையில் போட்டு, அதன்மேல் சூடம் ஏற்றிவிட்டார். பின்னால் நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். காவலாளி ஓடிவந்து காலால் அணைக்கப் போனவர், சூடத்தைப் போய் மிதிப்பதா என்று பாதியில் நின்று, தொப்பியைக் கழற்றி விசிறி அணைத்தார். பிறகு சத்தம் போட்டார். நான் கையைக் கூப்பினேன். பெரியவர் மட்டும் அசையவில்லை: “ஒருவேளை பூசைகூட இல்லாம சாமிய நிக்க வெச்சிக்கினு, என்னை வந்து கேள்வி கேக்கிறியே, நீ நல்லா இருப்பியா?”

மாலை போய்ச் சேர்ந்த இடம்

கோடம்பாக்கத்தில் ஸ்டூடியோவைக் காட்டுவது என்றால் அதன் இரும்புக் கதவைக் காட்டுவது என்று அர்த்தம். வெயிலில் மூன்று மணி நேரம் நிற்போம். கார் ஒன்று உள்ளே போகும். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கறுப்புக் கண்ணாடி தெரியும். அது யார் என்று செங்கல்பட்டு தாண்டும்வரை சண்டை நடக்கும்.

ராஜகுளத்து விவசாயி ஒருவர், கத்திச்சண்டை போடும் தன் அபிமான நடிகருக்குப் போட என்று, காஞ்சிபுரத்தில் கட்டிய பெரிய ரோஜா மாலையை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பன்னிரண்டு மணிக்குக் கதவின் சின்ன வழி திறந்தது. சிவப்பாக, சுருட்டை முடியோடு ஒருவர் வெளியே வந்தார். நான் தடுப்பதற்குள் மாலை கழுத்தில் விழுந்துவிட்டது. அவரும் கூச்சப்படாமல் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, சைக்கிள் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் உள்ளே சமையல் செய்கிறவர் என்று வாட்ச்மேன் சொன்னதும் எனக்குத்தான் முகம் தொங்கிப்போனது. மாலை போட்டவர் என்னைத் தேற்றினார்: “இவரு சோத்தைத் துன்னுட்டுத்தான அவரு கத்தி சுத்துறாரு? சேர வேண்டிய எடத்துலதான் சேந்துகீது, வுடு ரைட்டரே.”

பாட்டு முடியவில்லை

கன்னியம்மா சாவதற்கு முந்தின வருஷம், மானாம்பதியில் பெயர் கொடுத்த இரண்டு பேர் வராமல் போனதால் சீட்டு காலியாக இருந்தது. “உள்ள இன்னாதான் கீதுன்னு ஒருவாட்டி பாத்துட்டா போதும்” என்று அவள் பல நாளாகச் சொல்லிவந்தாள். ராணியைத் தன் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்து ஏறிக்கொண்டாள். அன்றைக்கென்று ஸ்டூடியோ கதவு திறந்தது. கூட்டத்துக்கு ஆள் பிடிக்கும் ஏஜெண்டு ஓடிவந்து, சாவு சீனுக்கு வரவேண்டிய பெண்கள் வரவில்லை, நன்றாக அழத் தெரிந்த பன்னிரண்டு பேர் வேண்டும் என்றார். நான் மானாம்பதி அஞ்சலையைப் பார்த்தேன். அஞ்சலை ஒப்பாரி பாடாமல் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பிணத்தையும் எடுத்ததில்லை. அவள் பதினொரு பேரைப் பொறுக்கினாள். அதில் கன்னியம்மாவும் ஒருத்தி. எங்களைச் சுவரோரம் நிற்கச் சொல்லிவிட்டார்கள். முன்னால் விளக்கும் ஆட்களும் மறைத்ததால் பெண்கள் உட்கார்ந்த விதம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அவர்கள் அழுகை மட்டும் கேட்டது.

நடுவில் கிளிமூக்கு நடிகர் ஒருவர் ஊர்ப் பெரிய மனிதரின் பிணமாகப் படுத்திருந்தார். அஞ்சலை ஆரம்பித்தாள். செட்டில் வேலை செய்தவர்களே கண்ணைத் துடைத்தார்கள். டைரக்டர் “கட்” என்றார். அழுகை நிற்கவில்லை. மறுபடி கத்தினார். விளக்கை அணைத்தார்கள். அப்போதும் நிற்கவில்லை. செத்தவனைப் பாதிப் பாட்டில் விட்டுவிட்டு எழுந்திருப்பது எங்கள் பக்கத்தில் மகா பாவம். அவன் மேலே போகிற வழி அடைபட்டுப்போகும் என்பார்கள். ஆனால் பிணத்துக்கு டீ வந்துவிட்டது. அது எழுந்து உட்கார்ந்து டம்ளருக்குக் கை நீட்டியது. அஞ்சலை கண்ணைத் துடைக்காமலே அதட்டினாள்: “பாட்டு முடியல, படுய்யா பொணமே!”

தலைமுழுக்கு

அழுது முடித்த பிறகு சாப்பாடு போட்டார்கள். யாரும் கை வைக்கவில்லை. சாவுக்குப் போனவர்கள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளாமல் எப்படிச் சாப்பிடுவது? அது நிஜச் சாவு இல்லை என்று ஏஜெண்டு சொன்னார். நிஜமோ இல்லையோ, அழுத அழுகை நிஜம் என்று அஞ்சலை சொல்லிவிட்டாள். குழாய் எங்கே என்று கேட்டேன். ஏஜெண்டு பதில் சொல்வதற்குள் பக்கத்துச் செட்டில் ராஜா ராணி உலாவுகிற தடாகம் ஒன்று பெண்கள் கண்ணில் பட்டுவிட்டது.

பன்னிரண்டு பேரும் அதில் இறங்கி முழுகினார்கள். பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களும், ஒரே கூரைக்குக் கீழே நின்றோமே என்று பின்னாலேயே இறங்கினார்கள். கரையில் பூசியிருந்த நீலச் சாயம் புடவையில் ஏறியது. காகிதத் தாமரைகள் கரைந்தன. கன்னியம்மா தலையைத் துவட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. சிரித்தது ஞாபகம் இருக்கிறதே தவிர, சிரித்த முகம் இல்லை. ஏஜெண்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்: “ரைட்டரே, அடுத்த வாட்டி உன் ஊர் ஜனங்களைக் கல்யாண சீனுக்குக் கூட்டினு வா.”

அட்டை ஏரோப்ளேன்

அன்று சாயங்காலம் கடற்கரையில் ஒரு போட்டோக்காரர் அட்டையில் ஏரோப்ளேன் செய்து நிறுத்தியிருந்தார். ஜன்னல் வழியாக முகத்தை நீட்டினால் ஆகாயத்தில் பறப்பது போலப் படம் விழும். எங்கள் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அஞ்சலைகூட நீட்டினாள். கன்னியம்மாவை நானும் கூப்பிட்டேன். ராணி சின்னப் பிள்ளை, எனக்கு ஆயுசு வேண்டும் என்று நகர்ந்து மணலில் உட்கார்ந்துகொண்டாள்.

காலையில்தான் சினிமாவுக்கே பிடித்துவிட்டார்களே, இனி இதில் என்ன என்று கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன். அவள் தெளிவாகச் சொன்னாள்: “போட்டோன்னா ஆடாம அசையாம நிக்கணும். நான்தான் அழுதுகினு இருந்தனே, அது எப்பிடிய்யா புடிக்கும்?”

சாவு வந்தால் நிமிர்பவன்

அவள் போனபிறகு, பொய்ச் சாவுக்கு அழுதால் நிஜச் சாவு தேடி வரும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ராணியை அவள் சித்தி வளர்த்தாள். ஐந்து வயசில் ஒரு நாள் ராணி கண்ணாடியைக் கொண்டுவந்து, தன் முகத்தில் எது அம்மா முகம் என்று கேட்டாள். நெற்றியைத் தொட்டேன். பிறகு சந்தேகமாகி மூக்கைத் தொட்டேன்.

படத்தில் அவள் இருக்கிறாள் என்பது தெரியும். ஆனால் அன்று எடுத்த படத்தின் பெயரை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, நான் செய்த பெரிய தப்பு அது. அதற்குப் பிறகு எத்தனையோ முறை அந்த வாசலில் நின்றேன். ஏஜெண்டு வேலையை விட்டுப் போயிருந்தார், வாட்ச்மேன் மாறியிருந்தார். அதனால் எங்கள் ஊர் டெண்டுக் கொட்டகைக்கு வந்த படம் ஒன்றுவிடாமல் பார்த்தேன். பாட்டு வந்தால் தூங்குவேன். யாராவது படுக்கையில் விழுந்து இருமினால் எழுந்து உட்காருவேன். காதர் பாய் என்னோடு நாலைந்து படத்துக்கு வந்துவிட்டு நின்றுகொண்டார்: “எனக்கு வயசு எத்தினியோ ஆயிப்போச்சு ரைட்டரே, சாவு வந்தா சந்தோசப்படற ஆளை இப்பத்தான் பாக்குறன்.”

வந்த படம்

ராணிக்கு ஏழு வயசு நடக்கும்போது அந்தப் படம் வந்தது. எங்கெங்கோ ஓடித் தேய்ந்து, மழை பெய்கிற மாதிரி கோடு விழுந்த பிரதி. பிணமாகப் படுத்த நடிகரின் மூக்கை முதலில் கண்டேன். எழுந்து நின்றுவிட்டேன். பின்னால் இருந்தவர்கள் திட்டினார்கள். அந்த இடம் வந்தது. பன்னிரண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி தோளை ஒருத்தி கட்டிக்கொண்டு, தலையோடு தலை சேர்த்துக் குனிந்திருந்தார்கள். ஒப்பாரி என்றால் அப்படித்தான் வைப்பார்கள், எனக்குத் தெரியாததா? அஞ்சலையின் குரல்கூட இல்லை. அதன்மேல் பிடில் வாசித்திருந்தார்கள். நான் பத்து எண்ணுவதற்குள் பெரிய மனிதரின் மகன் குதிரையில் வந்துவிட்டான்.

மறுநாள் மானாம்பதிக்கு ஆள் அனுப்பி அஞ்சலையை வரவழைத்தேன். முதல் ஆட்டத்துக்கு ராணியையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் திரைக்குக் கிட்டே மணலில் உட்கார்ந்தோம். அந்த இடம் வந்ததும் அஞ்சலை எழுந்து போய்த் திரையிலேயே கையை வைத்துவிட்டாள். “இது எம் முதுகு. எனக்குச் சோத்தாங்கைப் பக்கம் உங்கம்மா. நல்லா பாத்துக்க கண்ணு!” குதிரை வந்து அவள் கைமேல் ஓடியது. கொட்டகையில் விசில் அடித்தார்கள்.

படம் ஊரைவிட்டுப் போகும் நாளில் ஆபரேட்டரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். எத்தனையோ தடவை அறுந்து ஒட்டிய பிலிம், நாலு கட்டம் போனால் யாருக்குத் தெரியும் என்று கத்தரியால் வெட்டிக் கொடுத்தார். காலையில் வாசலில் நின்று அதைச் சூரியனுக்கு நேராகப் பிடித்து ராணிக்குக் காட்டினேன். ஒரு கண்ணை மூடி, முதல் கட்டத்திலிருந்து நாலாவது கட்டம்வரை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். திரும்ப முதலிலிருந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்: “அம்மா இந்தப் பக்கம் திரும்பாதா நைனா?”

படத்தின் பிரதி இப்போது எங்கேயும் இல்லை என்கிறார்கள். அந்த நாலு கட்டம் ராணியிடம் இருக்கிறது, நாலிலும் முதுகுதான்.