பெருங்களத்தூரில் பை இல்லாமல் நின்றவர்

தீபாவளிக்கு முந்தின நாள் மாலை, பெருங்களத்தூர் பஸ் நிறுத்தத்தில் பை இல்லாமல் நின்றவர் அவர் ஒருவர்தான். நரைத்த மீசை; கத்திக் கத்திக் கம்மிய குரல். "மதுரைக்குக் கடைசி சீட்" என்று எவனாவது போனில் பணம் அனுப்பச் சொன்னால் குறுக்கே பாய்வார். "முதல்ல பஸ்ஸைக் காட்டுடா!"

"நீங்க எந்த ஊருக்கு சார்?" என்றேன்.

"எங்கயும் போகல. போன வருசம் இவனுங்ககிட்ட ஏமாந்தேன். என் பொண்ணு தீபாவளித் துணிய இந்த பிளாட்பாரத்துலதான் போட்டுக்கிச்சு."

"பேஜார் பண்ணாத பெருசு, சீட் போயிடும்!" என்று அவரைத் தள்ளிவிட்டு ஒருவன் பணம் அனுப்பினான். விற்றவன் கூட்டத்தில் மறைந்தான். பஸ் வரவே இல்லை. ஏமாந்தவன் அவர் சட்டையைத்தான் பிடித்தான்.

"தெரிஞ்சும் ஏன்யா அவனை வுட்ட?"

எனக்கு ரத்தம் கொதித்தது. அவரோ கையை உதறிவிட்டு, அடுத்துப் போனை எடுத்தவனிடம் ஓடினார். நானாக இருந்தால், எக்கேடு கெட்டாவது போங்கடா என்று வீட்டுக்குப் போயிருப்பேன்.