இறங்கி உட்கார்ந்த பாதிரியார்

குப்பத்து மணலில் கவிழ்த்துப் போட்ட படகின் மேல் கறுப்பு அங்கியோடு ஏறி நின்றுதான் பாதிரியார் பேசுவார். டச்சுக்காரர்களின் பழவேற்காடு கோட்டையில் துபாஷியாக இருந்த நான் கீழே நின்று அவர் சொல்வதைத் தமிழில் சொல்வேன். வலை பின்னுகிறவர்கள் கை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள். யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. யாரும் எதையும் கேட்டதுமில்லை.

ஒருநாள், கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தாள். "பஞ்சத்துல எந் தங்கச்சிய உங்க கோட்டையாளுங்கதான் வாங்கிக் கப்பல்ல ஏத்திக்கினு போனாங்க. அதுக்கு உங்க சாமி இன்னா சொல்லுது?" என்று கேட்டாள்.

நான் கோட்டைச் சோறு தின்கிறவன். ஆனாலும் ஒரு சொல்லையும் குறைக்காமல் அவருக்குச் சொன்னேன். பாதிரியார் படகிலிருந்து இறங்கி நடந்தார். அவர் அண்மையில்தான் தம் நாட்டிலிருந்து வந்தவர். இது உண்மையா என்று வழியில் என்னைக் கேட்டார். பசி தாங்காமல் தங்களையே விற்றுக்கொண்டவர்களைக் கிடங்கில் அடைத்து வைத்திருந்ததையும், கப்பல் வந்ததும் ஏற்றிவிட்டதையும் நான் கண்ணால் கண்டவன். அப்படியே சொன்னேன்.

அடுத்த ஞாயிறு கோட்டைக் கோயிலில், அதிகாரிகள் முன்வரிசையில் இருக்க, அது பாவம் என்று அவர் பேசினார். அவரை, அந்த அடிமைக் கப்பல்கள் போய்ச்சேரும் படாவியாவுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று அன்றே முடிவானது.

மறுநாள் காலை குப்பத்துக்கு வந்தவர், படகின் மேல் ஏறவில்லை. அந்தப் பெண்ணுக்கு எதிரே மணலில் உட்கார்ந்தார். என்னைப் பேசவேண்டாம் என்று கையமர்த்திவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் தட்டுத்தடுமாறிச் சொன்னார்: "எங்க ஆளுங்க செய்தது பாவம். அது தெரியாம மேலே நின்னு பேசினேன். மன்னிக்கணும் அம்மா."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தாள். "வித்துப் போனவங்க வலி உங்க சாமிக்கு இன்னா தெரியும்?" என்றாள்.

"தெரியும் அம்மா. கூட உட்கார்ந்து சாப்பிட்டவனே அவரைக் காசுக்கு வித்துட்டான்."

அவள் கை நின்றது. "அப்புறம் இன்னா ஆச்சு?"

அந்தக் குப்பத்தில் எங்களிடம் யாரும் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் சொல்லத் தொடங்கினார். பாதி சொல்வதற்குள் கோட்டைச் சிப்பாய்கள் வந்து அழைத்துப் போய்விட்டார்கள். கப்பல் புறப்படும் நாளில் அவள் முகத்துவாரம் வரை வந்தாள். தங்கையின் பெயரையும், இடது கையில் தீச்சுட்ட தழும்பு இருப்பதையும் சொன்னாள். அவர் அந்தப் பெயர் சரியாக வரும்வரை பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

சில வருடங்களுக்குப் பின் படாவியாவிலிருந்து வந்த ஒரு மாலுமி அவரைப் பற்றிச் சொன்னான். அங்கே அடிமைகள் இருக்கும் கொட்டடிகளுக்குப் போகிறாராம். போதிப்பதற்கு முன், இந்தக் கரையிலிருந்து வந்த ஒவ்வொரு பெண்ணிடமும் பெயர் கேட்கிறாராம். தங்கை மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.

இதைச் சொல்ல நான் குப்பத்துக்குப் போனேன். அவள் கடல் பக்கம் திரும்பினாள்.

"அவரு பாதியில வுட்டத நீயாச்சும் சொல்லு," என்றாள்.

எத்தனையோ முறை அவருக்காக மொழிபெயர்த்த கதைதான். அன்று படகின் மேல் யாரும் இல்லாமல், நானே அதைச் சொன்னேன்.