பேர் வந்துகொண்டிருக்கிறது

"பிந்திப் போச்சு" என்ற சொல்லைத் தபால்காரர் மீராமுகைதீன் முப்பது வருடத்தில் ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. நிந்தவூருக்குத் தெற்கே அவருடைய சைக்கிள் நிற்காத வேலி கிடையாது. மகனிடமிருந்து மூன்று மாதமாகக் கடுதாசி இல்லையே என்று யாராவது வாசலில் நின்று கேட்டால், "வந்துகொண்டிருக்கு" என்பார். மாரி வெள்ளத்தில் பாலம் உடைந்து ஒரு கிழமை, ஏழு நாளும், பஸ் ஓடாதபோதும் அதே பதில்தான். பாலமே இல்லை, எதில் வருகுது என்று தேத்தண்ணிக் கடை றவூப் ஒருநாள் மடக்கினான். "அது தபால்ட வேல. ஒனக்கென்ன?" என்று மணியை அடித்துவிட்டுப் போய்விட்டார்.

இப்படிப்பட்ட மனுசனுக்கு எண்பதாம் ஆண்டு ஒரு பேத்தி பிறந்தாள். மகள் ஹாஜறாவின் புருசன் ஜெமீல் அப்போது குவைத்தில் இருந்தான். பிள்ளையைக் கையில் வாங்கிய உடனேயே மீராமுகைதீனின் நாக்கு நுனிக்கு ஒரு பேர் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டார். பேர் வைப்பது பெற்ற வாப்பாவின் உரிமை, அதில் மாமனார் முந்திக்கொள்வது அழகில்லை. ஏழாம் நாள் முடி இறக்கி, ஆடு அறுத்து, பேர் சொல்ல வேண்டும். ஆடும் வாங்கிக் கட்டியாயிற்று. ஆறாம் நாள் ஜெமீலின் தந்தி வந்தது: "பேர் பார்சலில் அனுப்பியுள்ளேன்."

அடே மருமகனே, அந்தத் தந்தியிலேயே இன்னும் ஒரு சொல் போட்டிருந்தால் வேலை முடிந்திருக்குமே! அதுதான் இல்லை. குவைத்துக்குப் போனவர்களெல்லாம் கடுதாசியை விட்டுவிட்டுக் கசட் நாடாவில் கதைத்து அனுப்பிய காலம் அது. தன் பிள்ளையின் பேர் விசயத்தைத் தன் குரலால்தான் சொல்லுவேன் என்று ஜெமீல் பிள்ளை பிறக்குமுன்பே ஒரு கசட்டில் பேசி, ஆறு மாதப் பிள்ளைக்கான சட்டை ஒன்றையும் வைத்துக் கட்டி அனுப்பியிருந்தான்.

ஏழாம் நாள் முடி மட்டும் இறக்கினார்கள். பேரும் ஆடும் நின்றன. "ரெண்டு கிழமையில வந்திடும்" என்றார் மீராமுகைதீன். ரெண்டு மாதம் போயிற்று. பிறப்புப் பதிவுகாரர் பேர்க் கட்டத்தில் ஒரு கோட்டை இழுத்து, பிறகு வந்து எழுதுங்கள் என்று அனுப்பினார். ஆடு கொழுத்து, தாடி வளர்த்து, பக்கத்து வளவு முருங்கையை முடித்துவிட்டு றவூப்பின் கடை வரைக்கும் போய்வரத் தொடங்கியது.

"எழுதிக் கேப்பமா, வாப்பா?" என்றாள் ஹாஜறா.

"அனுப்பின ஆளுக்கிட்டயே கேட்டா, நாம தபால நம்பல்ல எண்டு ஆகும். முப்பது வருசமா நான் ஊருக்குச் சொன்னது பொய்யா, மகள்?"

அவள் அவருக்குச் சொல்லாமல் எழுதினாள். அந்தக் கடுதாசியைச் சேர்த்துப் பையில் கட்டியதும் அவர்தான், பதிலைக் கொண்டுவந்து கொடுத்ததும் அவர்தான். பிறத்தியார் கடுதாசியைத் தொட்டுத் தருவாரே தவிரப் பிரிக்க மாட்டார். ஜெமீல் எழுதியிருந்தான்: "எல்லாம் கசட்டில் இருக்கிறது. மாமா கேட்டால் சந்தோசப்படுவார். எழுதினால் அந்தச் சந்தோசம் போய்விடும்."

பேரில்லாத பிள்ளையை ஊர் சும்மா விடுமா? றவூப் தொடக்கிவைத்தான், எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். "பார்சல் எழும்பிட்டா?" "பார்சல் பால் குடிச்சிட்டா?" பிள்ளை தவழ்ந்தது, நின்றது, நடந்தது. பார்சல் என்றால் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. ஒவ்வொரு தடவையும் மீராமுகைதீனுக்கு நெஞ்சுக்குள் முள் ஏறியது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை மனுசன்.

பதினாலாம் மாதம் பார்சல் வந்தது. உபதபாலதிபர் கனகரெத்தினம் அதை மேசையில் வைத்து, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். உறை தெரியாத அளவுக்கு முத்திரை. கசட்டில் என்ன பேச்சோ என்று கொழும்பில் யாரோ ஓடவிட்டுக் கேட்டிருக்கிறார்கள். தமிழ் தெரியாததால் தெரிந்தவரிடம் அனுப்பியிருக்கிறார்கள். அவர் லீவில் போய்விட்டாராம். பிறகு அது மேற்குக் கரையில் ஏதோ ஊருக்குப் போய்த் திரும்பி, எங்கள் ரோட்டாலேயே பஸ்ஸில் ஏறி, இறங்காமல் தெற்கே கோமாரி என்ற ஊருக்குப் போய் நான்கு மாதம் கிடந்திருக்கிறது. விலாசத்தில் "மீராமுகைதீன், தபால்காரர்" என்று ஜெமீல் மரியாதையாக எழுதியிருந்தான். அதன் ஓரத்தில் ஒரு கை பென்சிலால் குறித்திருந்தது: "நம்மட ஆள்தான். அவசரமில்லை."

கனகரெத்தினம் அதை வாய்விட்டு வாசித்துவிட்டு, "மீராமுகைதீன் காக்கா, இதுக்கு நீங்கதான் கையெழுத்துப் போடோணும்" என்றார்.

மீராமுகைதீன் கையெழுத்துப் போட்டு, சைக்கிளில் கட்டி, தன் வீட்டு வேலியில் நின்று மணியடித்து, "பார்சல்" என்று கூப்பிட்டார். பேத்தி ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

சட்டை பிள்ளையின் தலைக்குள்ளேயே போகவில்லை. கசட்டைப் போட்டார்கள். வேலிக்கு வெளியே றவூப்போடு பாதி ஊர் நின்றது. ஸலாம் சொல்லி, சுகம் விசாரித்து, ஒரு துஆ ஓதி, கடைசியில் ஜெமீலின் குரல் சொன்னது:

"மாமா, ஊர்ச் சனங்கட பேரையெல்லாம் வாசிச்சு வாசிச்சு வீடு வீடாக் குடுத்தவர் நீங்க. என்ட புள்ளைக்கும் நீங்களே பேர் வைங்க. அந்த உரிமைய நான் ஒங்களுக்குத் தாறன். ஏழாம் நாளே வெச்சிருங்க, பிந்த விடாதீங்க."

பிறகு நாடா சும்மா ஓடியது. ஹாஜறாதான் அதை நிறுத்தினாள்.

"சொல்லுங்க, வாப்பா" என்றாள் அவள்.

பேர் அவரிடம் முதல் நாளிலிருந்தே இருந்தது. பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக் காதோடு சொன்னார். "ஸுல்பிகா."

பிள்ளை திரும்பவில்லை, ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு தரம் சொன்னார். யாரையோ கூப்பிடுகிறார் என்று அது பேசாமல் இருந்தது. அவர் தாடியில் கண்ணீர் இறங்கியது.

"பிந்திப் போச்சு, மகள்" என்றார் மீராமுகைதீன்.