மசூதி முற்றத்தில் ஒரு கூப்பாடு

ஜெய்ப்பூர், ஆக்ரா எல்லாம் சுற்றிவிட்டு டெல்லிக்கு வந்து சேர்ந்தபோது எனக்குக் கால் ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம். சூலூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள் நான், இரைச்சல் புதிதில்லை. ஆனாலும் பழைய டெல்லி வீதியில் அசந்துபோனேன். தீபாவளிக்கு முந்தின நாள் கோயம்புத்தூர் ஒப்பணக்கார வீதி எப்படியோ, அங்கே தினமும் அப்படி. ரிக்‌ஷா என் சேலையை உரசிக்கொண்டு போகிறது. என் வீட்டுக்காரரோ ஜிலேபி பிழிவதை வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறார்.

“உங்களுக்குச் சக்கரைங்க, ஞாபகமிருக்குதா?” என்றேன்.

“பாக்கறதுக்குமா மாத்திரை போடோணும்?” என்றார். பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

ஜும்மா மசூதிப் படியேறி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அடேயப்பா! அத்தனை நெரிசலுக்குள் அவ்வளவு பெரிய முற்றம். சிவப்புக் கல் தரை, வெள்ளைக் கும்மட்டங்கள், நடுவில் கைகால் கழுவும் குளம், கூட்டம் கூட்டமாகப் புறா. மனசு குளிர்ந்துவிட்டது. அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினால், பக்கத்தில் இவரைக் காணோம்.

அவர் செல்போன் என் பையில். காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒற்றை ரொட்டியோடு எழுந்துவிட்ட மனுஷன். இந்தி சுட்டுப்போட்டாலும் வராது. எங்கேயாவது மயங்கி விழுந்துவிட்டால்? “ஏனுங்க! ஏனுங்க!” என்று குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எங்கள் சந்தையில் அப்படிக் கூப்பிட்டால் நாலு பேராவது திரும்புவார்கள். அங்கே யாரும் திரும்பவில்லை.

குளத்தங்கரையில் இருந்த பெரியவர் ஒருவர் என்னவென்று சைகையில் கேட்டார். தாலியை எடுத்துக் காட்டினேன். புரிந்துகொண்டு, பெயர் என்ன என்றார். அவ்வளவு இந்தி எனக்கும் தெரியும். ஆனால் வாய் வரவில்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். ரேஷன் கடையில் கேட்டால்கூட கார்டைத்தான் நீட்டுவேன்.

இப்போது சொல்லாமல் நின்றால் மட்டும் ஆயுசு கூடிவிடுமா என்று ஓர் ஆத்திரம் வந்தது பாருங்கள்! முழுப் பெயரையும், ஒரு ‘ங்க’கூடப் போடாமல், அடிவயிற்றிலிருந்து கத்தினேன். புறாக்களெல்லாம் எழும்பிவிட்டன. மறுபடியும் கத்தினேன்.

ஓரத்து மண்டப நிழலிலிருந்து ஓர் உருவம் மெல்ல எழுந்து வந்தது. அவர்தான். முகமெல்லாம் வியர்வை.

“தலை சுத்துச்சு, உக்காந்துட்டேன்.”

“சொல்லிப்போட்டுப் போனா என்னங்க? என் உசுரே போயிருச்சு!” என்று திட்டிக்கொண்டே, சக்கரை இறங்கினால் கொடுக்கவென்று பையில் வைத்திருந்த கடலை மிட்டாயைப் பிரித்து அவர் வாயில் போட்டேன். பெரியவர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

இவர் மென்று முடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாருக்கும் நான் அண்ணன், மாமன், மொதலாளி. எங்கம்மா போனதுக்கப்புறம் பேரைச் சொல்லிக் கூப்புட ஆளே இல்லை அம்மணி. இன்னொருக்காக் கூப்புடு.”

வெட்கமாகத்தான் இருந்தது. கூப்பிட்டேன்.